கடற்கரையில் கேமரா வைக்க யாரிடம் அனுமதி கேட்பது?

கையில் கேமராவோடு ஊருக்குள் வரும் எவரும் முதலில் சந்திக்கும் கேள்வி, ‘அனுமதி வாங்கிட்டீங்களா?’ என்பதுதான். யாரிடம் வாங்க வேண்டும், எதற்கு வாங்க வேண்டும், வாங்காவிட்டால் எந்தச் சட்டம் தடுக்கிறது என்று திருப்பிக் கேட்டால், கேள்வி கேட்டவரிடம் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்கே படம் எடுக்க வந்தவர்கள் பாதி பயந்து திரும்பிவிடுகிறார்கள்.

அவிநாசிபாளையம், பொங்கலூர், பல்லடம் பக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இன்று செல்போனிலேயே குறும்படம் எடுக்கிறார்கள். அவர்களில் தலித் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்களும் கணிசம். தங்கள் ஊரை, தங்கள் வேலையை, தங்கள் பெற்றோர் பட்ட பாட்டைப் படமாக்க வேண்டும் என்ற துடிப்பு அவர்களிடம் இருக்கிறது. அவர்களுக்காகவே இந்த வாரம் இந்த அனுமதி விவகாரத்தை எடுத்துக்கொள்கிறோம். நம் மாவட்டத்தில் கடல் இல்லை. ஆனாலும் கடற்கரையிலிருந்து தொடங்குகிறோம். ஏனென்றால், படப்பிடிப்பு அனுமதி என்பது எவ்வளவு சிக்கலான வலை, அந்த வலையில் யார் சிக்குகிறார்கள், யார் நழுவிப் போகிறார்கள் என்பது கடற்கரையில்தான் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு கரை, பல அலுவலகங்கள்

தமிழ்நாட்டில் 14 மாவட்டங்கள் கடலைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. கரையின் நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பார்ப்பதற்கு ஒரே மணல். ஆனால் அந்த மணலுக்கு ஒவ்வோர் இடத்திலும் ஓர் அதிகாரி உண்டு. சென்னை மெரினா என்றால் மாநகராட்சி. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் என்றால் இந்தியத் தொல்லியல் துறை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் என்றால் வனத் துறை. அது 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. மீன்பிடித் துறைமுகம் என்றால் மீன்வளத் துறை. கலங்கரை விளக்கம் என்றால் மத்திய அரசின் கலங்கரை விளக்கத் துறை. மற்ற இடங்களில் பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. ஆகவே வருவாய்த் துறை, அதாவது மாவட்ட ஆட்சியர்.

இதோடு முடியவில்லை. கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களையும், உச்சிப்புளியில் உள்ள ஐஎன்எஸ் பருந்து போன்ற கடற்படைத் தளங்களையும் கேமரா நெருங்கவே முடியாது. ட்ரோன் பறக்கவிட 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் வேண்டும். வெளிநாட்டுக் குழு என்றால் மத்திய அரசின் ஒப்புதலும் தேவை.

இந்தச் சிக்கலை எளிதாக்க அரசுகள் வழி செய்திருக்கின்றன. தமிழ்நாட்டில் அரசுக்குச் சொந்தமான இடங்களில் படம் எடுக்க, செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக விண்ணப்பிப்பது வழக்கம். மத்திய அளவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் இந்தியா சினி ஹப் இணையதளம் இருக்கிறது. பெரிய தயாரிப்பு நிறுவனங்களுக்கு இவையெல்லாம் பழக்கம். அனுமதிக் கடிதங்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதற்கென்றே அவர்களிடம் ஆட்கள் உண்டு. கட்டணம் கட்டுவார்கள், வைப்புத்தொகை கட்டுவார்கள், காவல் துறைப் பாதுகாப்புக்கும் பணம் கட்டுவார்கள்.

இந்த நடைமுறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலத்துக்குச் சொந்தமான அலுவலகத்திடம் அனுமதி கேட்கிறோம். அந்த நிலத்தில் வாழும் மக்களிடம் யாரும் கேட்பதில்லை. வலை உலர்த்தும் இடத்தில் கிரேன் நிற்கும். கருவாடு காயும் இடத்தில் நாயகனும் நாயகியும் ஆடுவார்கள். அதற்கு ஒரு தாளில் அனுமதி இருக்கும். அந்த நாளின் கூலியை இழந்தவரின் பெயர் அந்தத் தாளில் இருக்காது.

கடலைப் பற்றிய படம், மலையில் வழக்கு

இப்போது அதே கடற்கரையில் வேறு விதமான ஒரு கேமரா வந்தபோது என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியது. தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் அதற்குப் பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் கடலிலேயே போனார்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. தேடும் பணியை விரைவுபடுத்தக் கோரி 2017 டிசம்பரில் குழித்துறையில் ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் ரயில் மறியல் செய்தார்கள்.

அந்த மக்களின் பேச்சைப் பதிவு செய்து ஆவணப்படம் எடுத்தார் இயக்குநர் திவ்யபாரதி. படத்தின் பெயர் ‘ஒருத்தரும் வரேல’. யாரும் வரவில்லை என்பதைக் குமரித் தமிழில் சொல்லும் சொற்கள். 2018இல் முன்னோட்டம் மட்டும் வெளியானது. உடனே அவர் மீது வழக்குப் பதிவானது. எங்கே? கடல் இருக்கும் குமரி மாவட்டத்தில் அல்ல. நம் மேற்கு மண்டலத்தில், நீலகிரி மாவட்டத்தின் சேரம்பாடி காவல் நிலையத்தில். அதைத் தொடர்ந்து மதுரையில் உள்ள அவரது வீட்டுக்கும் போலீஸார் சென்றார்கள்.

குமரிக் கடற்கரை மக்கள் பட்டியல் சாதியினர் அல்லர். இருந்தும் இந்தப் பத்தியில் இதை எழுதுவதற்குக் காரணம், அந்த இயக்குநர் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட படம். மலக்குழியில் இறங்கிச் சாகும் தூய்மைத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கக்கூஸ்’ அது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தைத் திரையிட, சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டிப் பல இடங்களில் காவல் துறை அனுமதி மறுத்தது. படம் யூடியூபில் ஏறியது, மக்கள் பார்த்தார்கள். 2017 ஜூலையில், விடுதியில் பாம்பு கடித்து இறந்த தலித் மாணவருக்கு நீதி கேட்டு 2009இல் நடந்த மாணவர் போராட்டம் தொடர்பான பழைய வழக்கில் திவ்யபாரதி கைது செய்யப்பட்டு, பின்னர் பிணையில் வந்தார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். மணலில் கேமரா வைத்தது யாருக்கும் சிக்கலாக இல்லை. கேமராவின் முன் யார் பேசினார்கள் என்பதே சிக்கலாக இருந்தது. கடற்கரையில் பாட்டுக் காட்சி எடுத்தவருக்கு அனுமதி என்பது கட்டணம். கடற்கரையில் அழுதவரின் குரலைப் பதிவு செய்தவருக்கு அனுமதி என்பது வழக்கு.

கரைப்புதூருக்கு எத்தனை கிலோமீட்டர்?

இது ஏதோ தெற்கே நடந்த கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களை விஷவாயு தாக்கியது. மூவர் உயிரிழந்தார்கள். மூவரும் தலித்துகள். அவிநாசிபாளையத்திலிருந்து பஸ் பிடித்தால் போய்ச் சேரும் தூரம்தான்.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, தொகையும் இருக்கிறது. சாவு மட்டும் நிற்கவில்லை.

இந்தச் சாவுகளைப் பற்றி நம் ஊர் மாணவர் ஒருவர் பத்து நிமிடப் படம் எடுக்க விரும்பினால் என்ன ஆகும்? ஆலைக்குள் போக முடியாது. அது தனியார் இடம், உரிமையாளர் சம்மதம் வேண்டும். அது நியாயம். ஆனால் ஆலைக்கு வெளியே பொதுச் சாலையில் நின்று எடுத்தாலும், இறந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் மனைவியிடம் பேசினாலும், ‘அனுமதி எங்கே?’ என்று கேட்க ஆள் வரும். சில நேரம் ஊர்ப் பெரியவராக, சில நேரம் கம்பெனி ஆளாக, சில நேரம் காக்கிச் சட்டையில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது இதுதான். அரசியல் சாசனம் கொடுத்ததைத் தெருமுனையில் ஒருவர் மறித்துக்கொள்கிறார்.

கொங்கு மண்டலம் சினிமாவுக்குப் புதிதல்ல. பொள்ளாச்சியும் கோபிசெட்டிபாளையமும் பல பத்தாண்டுகளாகப் படப்பிடிப்புத் தளங்கள். தென்னந்தோப்பு, வாய்க்கால், பண்ணையார் வீடு என எத்தனையோ படங்களில் நம் மண்ணைப் பார்த்துவிட்டோம். ஆனால் அந்தத் தோப்பில் தேங்காய் உரித்தவரின் வளவு, அந்த வாய்க்கால் தண்ணீரைத் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்டவரின் தெரு, அவற்றில் எத்தனை முறை வந்திருக்கின்றன? அந்த இடங்களுக்குக் கேமராவைக் கொண்டுபோகப் போகிறவர்கள் அந்த வளவிலிருந்தே வரும் பிள்ளைகள்தான். அதனால்தான் அனுமதி என்ற சொல் அவர்களை நோக்கி வேகமாக வருகிறது.

எடுக்க ஒரு கதவு, காட்ட ஒரு கதவு

மாணவர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. படம் எடுப்பதற்கான அனுமதி வேறு. படத்தைப் பொதுவில் காட்டுவதற்கான சான்றிதழ் வேறு.

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் பேசுவது இரண்டாவதைப் பற்றி. பொது மக்களுக்குத் திரையிட வேண்டுமானால் தணிக்கை வாரியச் சான்றிதழ் வேண்டும். ஆவணப்படமும் குறும்படமும் இதற்கு விலக்கல்ல. சான்றிதழ் இல்லை என்பதே திரையிடலைத் தடுப்பவர்களுக்குக் கிடைக்கும் எளிய பிடி. படம் எடுப்பதற்கு அந்தச் சட்டத்தின் கீழ் எவரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

முதல் கதவு திறந்து இரண்டாவது கதவு மூடிக்கொண்டதற்கு அண்மைக்கால உதாரணம் ‘சந்தோஷ்’. சந்தியா சூரி இயக்கிய இந்தப் படம் ஒரு தலித் சிறுமியின் கொலை விசாரணையையும் காவல் துறையின் வன்முறையையும் பேசுகிறது. லக்னோ பகுதியில் எடுக்கப்பட்டது. பிரிட்டன் அதைத் தன் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பியது. ஆனால் 2025இல் இந்தியத் திரையரங்குகளில் வெளியாக முடியாமல் தணிக்கையில் நின்றது. நம் நாட்டில் நம் மக்களை வைத்து எடுத்த படத்தை நாம் மட்டும் திரையரங்கில் பார்க்க முடியவில்லை.

அதே ஆண்டு, ஜோதிராவ் பூலே, சாவித்ரிபாய் பூலே தம்பதியின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பூலே’ இந்திப் படம் ஏப்ரல் 11 அன்று, பூலேயின் பிறந்த நாளில், வெளியாக வேண்டியது. பிராமண அமைப்புகளின் எதிர்ப்பு ஒரு பக்கம், சாதி பற்றிய சொற்களை மாற்றச் சொன்ன தணிக்கை இன்னொரு பக்கம். படம் ஏப்ரல் 25க்குத் தள்ளிப் போனது. சாதியை ஒழிக்கப் போராடியவரின் கதையைச் சாதியின் பெயர் சொல்லாமல் எப்படிச் சொல்வது?

தமிழில் ‘அறம்’ இயக்குநர் கோபி நயினாரின் ‘மனுஷி’ படத்துக்கும் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. 2025இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி நேரில் படத்தைப் பார்க்கும் நிலை வந்தது. முன்பெல்லாம் இத்தகைய முறையீட்டுக்குத் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். பெயர் பெற்ற தயாரிப்பாளருக்கு அது செலவு. திருப்பூர் சிக்கண்ணா கல்லூரியிலோ எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைக்கு அது மூடிய கதவு.

நமக்குப் பிடிக்காத படமும் நம் உரிமையும்

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். திரைப்பட உரிமைக்கு இந்தியாவில் இன்றுவரை அரணாக நிற்கும் தீர்ப்புகளில் முக்கியமானது, இட ஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்ப் படத்துக்காகக் கிடைத்தது.

‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்பது அந்தப் படம். பிராமணப் பெண் ஒருத்தி பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற்று அதிகாரியாவது அதன் கதை. சாதி அடிப்படையில் இட ஒதுக்கீடு கூடாது என்பது அது சொல்லவந்த கருத்து. படத்துக்குத் தரப்பட்ட ‘யு’ சான்றிதழை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கம் நின்றவர்கள். சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. படம் வந்தால் போராட்டம் வெடிக்கும் என்று மாநில அரசும் சொன்னது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. போராட்டம் வரும், வன்முறை வரும் என்று காட்டி ஒருவரின் கருத்துரிமையைப் பறிக்க முடியாது. பேசுபவரைக் காப்பதுதான் அரசின் வேலை, முடியாது என்று கைவிரிக்க அரசுக்கு உரிமை இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அந்தப் படத்தின் கருத்தை நாம் ஏற்கவில்லை. அன்றும் இன்றும் இட ஒதுக்கீடு நம் பிள்ளைகளின் படிக்கட்டு. ஆனால் அந்தத் தீர்ப்பு எந்தக் கருத்துக்காகக் கிடைத்தது என்பதைவிட, யாருக்கெல்லாம் பயன்படும் என்பது பெரிது. ‘கக்கூஸ்’ படத்தை நிறுத்தச் சொன்ன காரணமும் சட்டம் ஒழுங்குதான். சாதி ஆணவக் கொலை பற்றிய படத்தை ஊர்த் திடலில் போட முயன்றால் சொல்லப்படும் காரணமும் அதுவாகத்தான் இருக்கும். அப்போது நம் கையில் இருக்கும் ஆயுதம் 1989 தீர்ப்பு. பிடிக்காத படத்தை நிறுத்தச் சொல்லி நாம் இன்று ஒரு கதவைச் சாத்தினால், நாளை அதே கதவுக்கு வெளியே நிற்கப் போவது நம் படம்தான். சாத்தும் பலம் எப்போதும் நம்மைவிட மற்றவர்களிடமே அதிகம் இருக்கிறது.

நாமும் கேட்க வேண்டிய அனுமதி

அதிகாரியிடம் கேட்க வேண்டிய அனுமதியைப் பற்றிப் பேசிவிட்டோம். படத்தில் வரும் மக்களிடம் கேட்க வேண்டிய அனுமதி அதைவிட முக்கியம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகத்தின் கேமராக்கள் அங்கே இறங்கின. உடைந்த படகுகளும் கரை ஒதுங்கிய உடல்களும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டன. கரைக்குச் சற்று உள்ளே இருந்த தலித் குடியிருப்புகளோ சட்டகத்துக்கு வெளியிலேயே நின்றன. அந்த மக்களுக்குப் படகு இல்லை, வலை இல்லை. கூலி வேலைதான் இருந்தது. படகு இழந்ததற்குக் கணக்கு இருந்தது. கூலி இழந்ததற்குக் கணக்கு இல்லை. நிவாரணத்தில் தாங்கள் ஒதுக்கப்பட்டதாக அவர்கள் சொன்னது பின்னர் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவானது. கேமரா எங்கே திரும்புகிறதோ அங்கேதான் நிவாரணமும் திரும்புகிறது.

ஆகவே நம் பிள்ளைகள் கேமராவைத் திருப்பும்போது பொறுப்பும் வேண்டும். துக்க வீட்டில் பேசுகிறவரிடம் எதற்காக எடுக்கிறோம், எங்கே காட்டுவோம் என்று சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். சிறுவர்களைப் பதிவு செய்யப் பெற்றோர் சம்மதம் தேவை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். ஆலையில் வேலை செய்துகொண்டே பேசுகிறவரின் முகம் தெரிந்தால் வேலை போய்விடும் என்றால், முகத்தை மறைப்பது நம் கடமை. தலைக்கு மேல் ட்ரோன் பறக்கவிடச் சட்டம் அனுமதித்தாலும், கீழே குளிக்கும் இடம் இருந்தால் நம் மனசாட்சி அனுமதிக்கக் கூடாது.

செய்ய வேண்டியது

படம் எடுக்கக் கிளம்பும் மாணவர்கள் முதலில் இடம் யாருடையது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தனியார் இடம் என்றால் உரிமையாளரிடம் எழுத்து மூலம் சம்மதம். அரசு இடம் என்றால் உரிய துறைக்கு எழுத்து மூலம் விண்ணப்பம், கூடவே ஒப்புகைச் சீட்டு. காவல் நிலையத்துக்குத் தகவல் தெரிவிப்பதும் அனுமதி கேட்பதும் ஒன்றல்ல. வாய்மொழியாக மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தனியார் அரங்குக்குள் கூட்டம் நடத்தக் காவல் துறை அனுமதி தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒருமுறைக்கு மேல் சொல்லியிருப்பதையும் நினைவில் வையுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது பெரிய சலுகை அல்ல. பெரிய தயாரிப்பாளர்களுக்கு ஒற்றைச் சாளரம் இருப்பதுபோல, மாணவர்களுக்கும் கட்டணமில்லாத எளிய வழி ஒன்று மாவட்ட அளவிலேயே வேண்டும். மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்ற உத்தரவு வேண்டும். சமூகப் பிரச்சினைகளைப் பேசும் குறும்படங்களின் தணிக்கைக் கட்டணத்தைக் கல்லூரியோ ஆதிதிராவிடர் நலத் துறையோ ஏற்க வேண்டும். சினிமாக்காரர்கள் ஒரு குடியிருப்பில் படம் எடுக்க அனுமதி கேட்டால், அங்கு வாழும் மக்களின் சம்மதமும் அவர்களுக்குரிய இழப்பீடும் அந்த அனுமதித் தாளில் இடம்பெற வேண்டும்.

கோயிலுக்குள் நுழைய, தெருவில் செருப்புப் போட்டு நடக்க, அம்பேத்கர் சிலை வைக்க, பிணத்தைப் பொதுப்பாதையில் கொண்டுபோக என்று எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவரிடம் அனுமதி கேட்டே நம் தாத்தா பாட்டிகள் வாழ்ந்தார்கள். அவற்றில் பலவற்றுக்கு அனுமதியே தேவையில்லை என்பதைச் சட்டமும் போராட்டமும் சேர்ந்தே நமக்குக் கற்றுக்கொடுத்தன. கேமராவுக்கும் அதே பாடம்தான். தேவையான இடத்தில் முறைப்படி கேட்போம். தேவையில்லாத இடத்தில், ‘எந்தச் சட்டப்படி?’ என்று திருப்பிக் கேட்போம்.